லைன் கிளியர்

மணிக்கு ஒரு முறை ஆம்பியர் எழுதும் பேரேட்டின்
கடைசிப் பக்கங்களில்
வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன்.
ஏற்காடு துணைமின் நிலையம், இரவு எட்டு மணி ஷிப்ட்.

மாசி 9. வியாழன், உச்சியிலிருந்து கொஞ்சம் மேற்கே.
ரோகிணியின் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றும்
அதைச் சட்டை செய்யாத வெளிச்சம்.
மாசி 20. பைனாகுலரில் அதன் நிலவுகள் மூன்று.
நாலாவது முன்னாலோ பின்னாலோ.

பங்குனியில் சனி இல்லை. சூரியனுக்குப் பின்னால்.
அந்த மாதம்தான் கீழே சேலத்தில்
பெயர்ச்சிக்கு வரிசையில் நின்றார்கள்.
திருக்கணிதம் இந்த வருடம் என்றது, வாக்கியம் அடுத்த வருடம் என்றது.
என் நாத்தனார் இரண்டுக்கும் எள் வாங்கி வைத்தாள்.
"உனக்கு அஷ்டமத்துல சனி, கரண்டுல வேலை, பாத்து" என்றாள்.
ஆள் ஊரிலேயே இல்லை என்று நான் சொல்லவில்லை.

சித்திரை, வைகாசி:
வியாழன் தினம் ஒரு பிடி இறங்கி
சில்வர் ஓக் நுனியில், பிறகு கிளையில், பிறகு
மேட்டூர்ப் பக்கத்து மங்கலில் கரைந்தது.
ஆனியில் எழுத ஒன்றுமில்லை.

ஆடி முழுக்க மூடுபனி.
தேதிகளுக்கு எதிரே ஒரே சொல்: மேகம்.
ஒரு விடியல் மட்டும் திறந்தது.
கிழக்கே வெள்ளியும் வியாழனும் ஒரு விரலிடையில்.
"ரெண்டு டவர் லைட்டா மேடம்?" என்றான்
டீ கொண்டு வந்த பையன்.

புரட்டாசியில் ஷிப்டுக்கு வரும்போதே சனி கிழக்கில்.
வளையம் இந்த வருடம் விளிம்பைக் காட்டி ஒளிந்திருக்கிறதாம்.
செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கிய,
ஒரு கண்ணில் பூஞ்சை பிடித்த என் பைனாகுலரில்
எந்த வருடமும் அது தெரிந்ததில்லை.
சனிக்கு இடப்புறம் இரண்டு விரல் தள்ளி
நெப்டியூன் என்றது வரைபடம்.
அங்கே நாலு புள்ளி.
ஒன்று அதுவாக இருக்கலாம்.
இருக்கலாம் என்றே எழுதினேன்.
ஆம்பியர் பக்கத்தில் அப்படி எழுத முடியாது.

யுரேனஸ்தான் மிச்சம்.
கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே என்று தெரியும்.
ஆனால் லாட்ஜ் விளக்கு, ஏரிக்கரை விளக்கு, கடைவீதி விளக்கு,
எல்லாம் என் கை வழியாகப் போகிற வெளிச்சம்.

ஐப்பசி 7. தீபாவளி கழிந்த நாலாம் இரவு.
லேடி சீட் திருப்பத்தில் ஒரு மரம் லைனில் சாய்ந்தது.
பிரேக்கர் விழுந்த சத்தம். ஊர் மொத்தமும் இருட்டு.
சின்னவெள்ளையன் போனில் லைன் கிளியர் கேட்டார்.
கொடுத்த நேரம் 1.12.
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
அவர் இறங்கிச் சொல்லும்வரை
கலெக்டரே கேட்டாலும் போடக் கூடாது.

வெளியே, மழை கழுவிவிட்ட வானம்.
யார்டு விளக்குகளை நானே அணைத்தேன், அது பதிவில் இல்லை.
கீழே சேலம் மட்டும், யாராலும் அணைக்க முடியாத அடுப்பு.
கண் பழக இருபது நிமிடம்.
முதலில் பைனாகுலரில், பிறகு வெறும் கண்ணில்.
நேராகப் பார்த்தால் போய்விடுகிறது,
ஓரக்கண்ணுக்கு மட்டும் நிற்கிறது.
ஒரு சுற்றுக்கு எண்பத்து நாலு வருடம்.
போன முறை இதே இடத்துக்கு வந்தபோது
இந்த மலையில் எத்தனை விளக்கு இருந்திருக்கும்?

ஒரு மனிதர் கம்பத்தில் தொங்குவதால் கிடைத்த இருட்டு.
சீக்கிரம் இறங்கட்டும் என்றும்
இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்றும்
ஒரே மூச்சில் நினைத்தேன்.

3.06. "எல்லாரும் இறங்கிட்டோம் மேடம், போடலாம்."
சனி மேற்கே மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது.
வியாழன் கிழக்கே ஏறிவிட்டது.
சாவி நெஞ்சில் சில்லென்று கிடந்தது.

லைன் சார்ஜ் ஆன நேரம்: 3.10.

அந்த நாலு நிமிடத்தில்
ஆஸ்பத்திரியில் யார் டார்ச் பிடித்து நின்றார்கள்,
எந்தப் படியில் யார் கால் தடவினார்கள்,
தெரியாது. யாரும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில்:
யுரேனஸ். பச்சை மாதிரி. அதுதான்.
முன் பக்கத்தில்:
நாலு மணி. நூற்றுப் பத்து ஆம்பியர்.