வலது பக்கம்

பால் கணக்குக்கு வாங்கிய நோட்டு.
பால்காரர் மாசக் கடைசியில் மொத்தமாகச் சொல்லிவிடுவதால்
சும்மா கிடந்தது.
இடது பக்கம் கேட்டது. வலது பக்கம் தேதி.
காந்தி ரோட்டு மருந்துக்கடையில் கல்லா பார்க்கிறவள் நான்,
எனக்கு ஜெபமும் இரண்டு பத்தியில்தான் வரும்.

சிலிண்டர், ஞாயிற்றுக்கிழமைக்குள்.
சனிக்கிழமை விளக்கு போடுகிற நேரம்
அன்வர் தோளில் சுமந்து மாடி ஏறி வந்தான்.
வலது பக்கம்: சனி, ஆறரை.
இருபது ரூபாய் கொடுத்தேன், அதையும் எழுதினேன்.

கெசியாவுக்குக் கணக்கில் முப்பத்தைந்து.
முப்பத்தைந்தேதான் வந்தது.
"கேட்கிறதுதான் கேட்டாய்,
தொண்ணூறு கேட்டால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?"
சிரித்ததில் ஆசீர்வாதத்துக்கு டீ புரையேறியது.
பிள்ளையின் தலை எனக்குத் தெரியாதா?

தம்பி பாக்கியநாதன் குடியை விட வேண்டும்.
அதற்கு நாலு தடவை தேதி போட்டு
நாலு தடவை அடித்திருக்கிறேன்.
ஐந்தாவதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.
பேனாவால் அதன்மேலேயே அழுத்தி எழுதுவேன் ஒருநாள்.

பாலாற்றில் தண்ணீர்
என்று முதல் நோட்டிலேயே இருக்கிறது.
கல்யாணமான வருஷம்.
மணல் லாரி போன தடத்தில்
பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
மூன்றாவது நோட்டு நடக்கையில் ஒரு கார்த்திகை,
கரையைத் தொட்டுக்கொண்டு வந்தது, செம்மண் நிறத்தில்.
பாலத்தின் மேல் ஊரே நின்றது.
குடை பிடித்தவர் நனைந்தார், பிடிக்காதவரும்.
யாரோ பூ எறிந்தார்கள், யாரோ காசு.
பழைய நோட்டைப் பரணில் தேடி எடுத்துத்
தேதி போட்டேன். பக்கத்தில்
'பலர் கேட்டது' என்று சேர்த்தேன்.
ஒருத்தி கணக்கில் வைக்கிற தண்ணீரா அது?

பிறகு அந்த ராத்திரி.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தவர்
சட்டைப் பொத்தானைக் கழற்றத் தெரியாதவர்போல் உட்கார்ந்தார்.
ஆட்டோவில் பாதி வழி ஜெபித்தேன்,
பாதி வழி திட்டினேன்.
இரண்டும் ஒரே மூச்சில் மேலே போயிருக்கும்.
ஸ்ட்ரெச்சரில் ஐந்து மணி நேரம்.
படுக்கை இல்லைம்மா, காலியானால் கூப்பிடுகிறோம்.
நோட்டு வீட்டில். மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினேன்:
ஒரு படுக்கை.

மூன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள்.

விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
மெத்தையில் இன்னும் சூடு இருந்தது.
கட்டிலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.
விளிம்பில் பேர் வெட்டியிருந்தது,
மேல்கோட்டில் துணி காயப்போட்டதுபோல் தொங்குகிற எழுத்து.
காட்பாடியில் இறங்கி
இரண்டு நாள் ரயில் அலுப்போடு
எங்கள் கடைக்கு வருகிறவர்களின் எழுத்து.
இதில் இருந்தவர் எப்படிப் போனார் சிஸ்டர்,
நடந்தா?
கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை.
நன்றி ஆண்டவரே என்று தொடங்கியது
நன்றியோடு நின்றுவிட்டது.

ஆசீர்வாதம் இப்போது மாடி ஏறுகிறார்,
உப்பில்லாத ரசத்தோடு சண்டை போடுகிறார்.
சீட்டிலிருந்து நோட்டுக்கு மாற்றி எழுதியாயிற்று:
மூன்று நாற்பது, கிடைத்தது.
அதற்கு அடுத்த வரியில், இடது பக்கம்,
டம்ளரைச் சாய்த்து வைத்துக்கொண்டு
அந்த எழுத்துகளைக் கோலம்போல் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
எனக்கு வாசிக்க வராது.
வாசிக்கிறவர் வாசிப்பார்.

டம்ளர் கடையில் தண்ணீர்க் குடத்தின் மேல் இருக்கிறது.
வெயிலில் சீட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்
மொண்டு குடிக்கிறார்கள்.
போன வாரம் ஒரு பையன்
விளிம்பை விரலால் தடவிப் பார்த்து ஏதோ சொன்னான்.
பாஷை புரியவில்லை. இன்னொரு தடவை சொல் என்றேன்,
அவனுக்கு அது புரியவில்லை.
மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மற்றதற்கெல்லாம் வலது பக்கம்
ஒரு வரிதான் விடுவது வழக்கம்.
இதற்கு அரைப் பக்கம் விட்டிருக்கிறேன்.