அறுபத்திரண்டாயிரம் ரூபாய் அமைதி

இரத்மலானையில் ஒருவர் விற்றார்.
பெட்டி இல்லை, ரசீது இல்லை.
இடது காது மெத்தையில்
அவருடைய தலை எண்ணெய் வாசம் மட்டும் மிச்சமிருந்தது.
நல்ல ஹெட்செட் என்றால் நாலு லட்சம்.
கல்லடியில் என் டயர்க் கடைக்கு நாலு லட்சம் என்பது
அறுவடை முடியத் தாறன் என்று
போடியார்மார் உருட்டிக்கொண்டு போன
டிராக்டர்ப் பின்சில்லுகள்.

ஆகவே இது.

மூக்குக்கண்ணாடியின் காலும் காதும் மெத்தையும்
ஒரே இடத்துக்குச் சண்டை பிடிக்கின்றன.
கண்ணாடிக் கால் விட்ட நீக்கலால்
எஞ்சின் சத்தம் நுழைந்து
வாடகை தராதவன் மாதிரிக் குந்திக்கொள்கிறது.
கச்சான் காற்று வீசும் மாதங்களில்
வேர்வையில் ஊறி, இறங்கி ஒரு மணி நேரம் போயும்
கன்னங்களில் இரண்டு வட்டம் கிடக்கும்.
கடையில் நிற்கும் ருக்சன் கேட்பான்:
"என்னக்கா, ஆரும் அறஞ்சதா?"

மைக்கின் கழுத்து சொன்ன இடத்தில் நிற்காது.
நிறுத்தினாலும்
நான் பேசத் தொடங்கிய பிறகுதான் கண் விழிக்கும்.
"பட்டிக்கலோ டவர்" என்பேன்,
"டிக்கலோ டவர்" என்று போய்ச் சேரும்.
டவரில் இருப்பவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.
இப்போதெல்லாம் முதலில் ஒரு "ம்"
மைக்குக்குக் காணிக்கை,
பிறகுதான் ஊரின் பெயர்.

ஆனாலும் அந்தச் சின்னப் பொத்தானை அமத்தினால்
தலைக்குள் யாரோ ஒரு கதவைச் சாத்துவார்கள்.
எஞ்சின் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.
ஒரே சுதியில் ஓயாமல் வருவதைத்தான் இது அழிக்கும்,
திடீரென்று வருவதை அழிக்காது
என்று விற்றவர் சொல்லியிருந்தார்.
ஒரே சுதியில் வருவது என்றதும்
சித்தப்பா ஞாபகம் வந்தார்:
சில்லு வித்த காச வானத்தில எரிக்கிறாள்,
சில்லு வித்த காச.
பொத்தானை இன்னொரு தரம் அமத்தினேன்.

திடீரென்று வருவதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.
திமிலைதீவில், விமானம் தணிந்து வரும் வழியின் நேர் கீழே வீடு.
"நான்தான் வருவன் அம்மா, பத்தரைக்கு"
என்று முதலே போன் எடுத்துச் சொல்வேன்.
ஓம் ஓம் என்பார்.
பத்தரைக்கு அடுப்பை நூர்த்துவிட்டு
உள்ளறைக்குள் போய்க் கதவோடு இருந்துவிடுவார்.
முற்றத்தில் ஒரு தரமாவது நின்று
கை காட்டியதில்லை.

போன செவ்வாய், வாவிக்கு மேல் எண்ணூறு அடியில்
பற்றரி செத்தது.
செத்ததைச் சொல்ல ஒரு விளக்குக்கூட
இந்த விலைக்கு வைக்கவில்லை.
எஞ்சின் முழுசாக மடியில் வந்து விழுந்தது.
அதற்குள்ளே இன்னொன்று:
டக். டக்டக். டக்.

வலது பக்கம். கதவா, இறக்கையா?
கீழே வலையிறவுப் பாலத்தில்
ஒரு மோட்டார்சைக்கிள் அமைதியாகப் போனது.
அதில் இருப்பவனாக இருக்கலாமே என்று நினைத்தேன்.
"ம், பட்டிக்கலோ டவர்,"
திரும்பி வருகிறேன் என்றேன்.
அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

எஞ்சினைத் தணித்து
அம்மாவின் கூரைக்கு மேலால் வழுக்கி
இறங்கி, நிறுத்தி, குனிந்து பார்த்தால்
வெறும் ஆசனத்தின் வார்
கதவுக்குள் அகப்பட்டு
கொளுக்கி வெளியே தொங்குகிறது.
அவ்வளவுதான்.
ஆனால் அது அடித்த இடத்தில்
வெள்ளைப் பெயின்ற் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து
அலுமினியம் பளபளத்தது.
ஒரு நாள் அடியில் அப்படிப் பெயராது.

எத்தனை தரம் இப்படிப் பறந்திருப்பேன்,
கதவைச் சாத்திக்கொண்டு,
காசு கொடுத்து வாங்கிய அமைதியில்?

போன் அடித்தது. அம்மா.
"இறங்கிற்றியா புள்ள?
இண்டைக்கும் உன்ட பிளேன்ல
டக் டக் எண்டு என்னமோ அடிச்ச.
போன கிழமையும் அடிச்ச.
நீ கேக்கல்லையா?"