இரண்டு சோடிச் சப்பாத்து

ஒரு சோடி தோட்டத்துக் கொட்டிலில்,
ஒரு சோடி காரின் பின்பெட்டியில்.
ஒன்றையொன்று அவை கண்டதேயில்லை.
மகளின் கட்டளை.

வெள்ளம் வடிந்த வருடம் அது.
கோல்பர்ன் ஆறு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது,
நுளம்பு திரும்பவில்லை.
ஷெப்பர்டன் முழுக்கப் பின்னேரங்களில்
தன் காலில் தானே அறைந்துகொண்டது.

பங்குனி முதல் கிழமை
ரஸ்ஸல் என்னிடம் வாளியும் கையுறையும் தந்தான்.
புழுக்கை கண்ட இடமெல்லாம் ஒரு கை ஓட்ஸ்.
முதல் மூன்று தடவை வெறும் ஓட்ஸ்,
அதுகளுக்கு நம்பிக்கை வரவேண்டும்;
நாலாம் தடவைதான்
குளிர்பெட்டியில் வந்த போத்தலைக் கலப்பது.
நம்பிக்கை என்ற சொல்லை
மழை, உரம் என்கிற மாதிரிச் சொன்னான்.

கெட்டவனில்லை.
இந்த வருடம் நட்ட பேரிக் கன்றுகளின் அடியில்
பட்டையைச் சுற்றிவரக் கடித்திருந்த வெள்ளை வளையத்தை
விரலால் தடவிக் காட்டினான்.
வங்கிக் கடிதத்தைப் பிரிக்கிறவனின் முகம்.

எங்கள் வீட்டு முயலுக்குப் பெயர் அவல்.
ஊறவைத்த சிவப்பு அவலின் நிறம் என்று
சாருண்யா வைத்தாள்.

டாக்டர் மெரிடித்
பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி
ஊசி ஏற்றினாள்.
இது கலிசிக்கு, ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள்.
மற்றது, கண் வீங்கிச் சாகிறது, மிக்சோ,
அதற்கு இந்த நாட்டில் ஊசி போட அனுமதியில்லை.
ஏன் என்றாள் மகள்.
காட்டில் உள்ளதுகளும் தப்பிவிடுமோ என்ற பயம்தான்.
சொல்லிவிட்டு டாக்டர்
என் சேட்டில் தைத்திருந்த தோட்டத்துப் பெயரை வாசித்தாள்.
நான் தராசை வாசித்தேன்.
ஒன்று தசம் எட்டுக் கிலோ.

கட்டிலுக்கென்று வாங்கி
ஒருநாளும் கட்டாத நுளம்பு வலை
அன்றிரவே கூட்டின்மேல் இறங்கியது.
காற்று தூக்காமல் இருக்க
விளிம்பில் மணல் நிரப்பித் தைத்தாள் சுகிர்தா.
தெருவோரப் புல் இனி வீட்டுக்குள் வராது.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மகளின் சட்டங்கள்;
ஏழாவது எனக்கு மட்டும்:
அப்பா முதல்ல குளிக்கோணும்.

நாலாம் தடவை வைத்த அன்று
பின்வளவுக் குழாயடியில் நின்று
முழங்கைவரை உரஞ்சினேன்.
"இண்டைக்கு என்ன வேலை அப்பா?"
"சாப்பாடு வைச்சனான்."
"ஆருக்கு?"
"மரத்துக்கு."

மூன்றாம் நாள் காலை,
பதினோராம் வரிசையில் ஒன்று.
காயமில்லை. நாலு காலும் நீட்டி
ஓடிக்கொண்டே நித்திரையானது மாதிரி.
நிறத்தைப் பார்க்காமல்
மண்வெட்டியால் அள்ளினேன்.
பார்த்தேன்தான்.
அதன் கண்ணிலிருந்து எழும்பிய ஓர் இலையான்
என் தோளில் ஒரு கணம் இருந்துவிட்டு
டவுன் பக்கமாய்ப் பறந்தது.

வேலையில் போன் எடுக்கக்கூடாது. எடுத்தேன்.
கூட்டை உள்ளே கொண்டுபோங்கோ.
எங்கை வைக்கிறது?
விறாந்தையில், அறையில், என்ரை கட்டிலில்,
எங்கையெண்டாலும்.

இரவு, குளித்து, திரும்பவும் குளித்து,
சோப்பு மணக்க மணக்க வந்திருந்தேன்.
சாருண்யா என் உள்ளங்கையை விரித்து
அலுமாரி டப்பாவிலிருந்து
கொஞ்சம் ஓட்ஸ் கொட்டினாள்.
"நீங்கள் குடுங்கோ அப்பா.
உங்களிட்டை அது இன்னும் பழகேல்லை."

அவல் மணந்தது.
மீசை என் விரலை எண்ணியது.
பின்வாங்கி, காதை மடித்து,
ஏதோ யோசித்து,
பிறகு வந்து தின்னத் தொடங்கியது.

சின்னப் பற்கள் கையில் படப்பட
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
கழுவியது மூன்று தடவையா
நாலு தடவையா என்று.