தலை நிழல் மட்டும் கணக்கு

விசுவமடுவில் பின்னேரம் நாலரை.
நெல்லாலை வாசலில் நிற்கிறேன், தலையெல்லாம் உமி.
எதிர்க் காணியில் கிளித்தட்டுக்குக் கோடு கீறுகிறார்கள்,
ஒரு தடிக்குக் கபினேசும் துர்க்காவும் இழுபறி.

என் மகன் யதுர்சன் வேலிக்கு இந்தப் பக்கம்.
சப்பாத்து. அதற்குள் மேசு,
தையல் வெளியே இருக்கும்படி திருப்பிப் போட்டது.
சேட்டின் லேபலை வெட்டியாயிற்று.
வெட்டின இடத்தில் மிஞ்சிய ஒரு நூலுக்காக
நேற்று ஒரு மணித்தியாலம் அழுதான்.

இந்த ஆலை இரைச்சலில் நித்திரை கொள்வான்.
கோப்பையில் கரண்டி உரசினால்
மேசைக்குக் கீழே போய்விடுவான்.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை
படம் கீறிக் காட்டினா:
எங்களிடம் கதவைத் தட்டி வருகிற உலகம்
இவனிடம் கதவை உடைத்துக்கொண்டு வருகிறதாம்.
சில வேளை வாசலோடு திரும்பியும் போய்விடுமாம்.
அதுதான் நெல்மூட்டைகளுக்கு நடுவில்
உடம்பைச் செருகிக்கொண்டு
"இன்னும் இறுக்குங்கோ அப்பா" என்கிறான்.

கிளித்தட்டில் தொடவேணும்.
போன மாசம் மதுசா தொட்டாள், முதுகில், பூப்போல.
அவன் அடித்த அடியில் அவளுக்குப் பல் ஆடிற்று.
(முந்தியே ஆடின பல்தான் என்றா தாய்.
பெரிய மனசு.)
அதற்குப் பிறகு வேலி.

இன்று அதே மதுசா வந்தாள், பல் விழுந்த ஓட்டையோடு.
"உனக்கு மட்டும் நிழலை மிதிப்பம். மிதிச்சால் நீ அவுட்."
அவன் குனிந்து தன் நிழலைப் பார்த்தான்,
அது யாருடையது என்பதுபோல.
பிறகு படலையைத் திறந்தான்.

நாலரை வெயிலில் நிழல் பனைமர நீளம்.
இரண்டு நிமிசத்தில் மூன்று தரம் அவுட்.
"அநியாயம்!" என்று கத்தினான்.
துர்க்கா தீர்ப்புச் சொன்னாள்: தலை நிழல் மட்டும் கணக்கு.
கபினேஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை.
சண்டையில் அவனும் ஒரு கட்சி.

அந்த நேரம் பார்த்து
பாண்காரனின் ஓட்டோ பாட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பியது.
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
நடுக்கோட்டில் குந்திவிட்டான்.
நான் படலைவரை ஓடினேன்.
ஒருவரும் அவனைத் தொடவில்லை.
மதுசா ஓட்டோவை நோக்கிக் கை வீசினாள், போ போ என்று.
மற்றவர்கள் நின்ற தட்டிலேயே நின்றார்கள்.

பாட்டு மெல்லத் தேய்ந்தது.
கபினேஸ் மட்டும், ஆருக்கும் தெரியாமல்,
ஒரு காலை நீட்டி
குந்தியிருந்தவனின் தலை நிழலை மிதித்தான்.

"கள்ளன்!" என்று எழும்பினான் என் மகன்.