குறைந்த கியரில் செல்லவும்

தொப்பூர் சுங்கச்சாவடியில் நான்காம் லேன் என்னுடையது.
ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் முறை
தடுப்புக்கம்பி எழும், விழும்.
கண்ணாடியில் ஒட்டியதைப் படித்தால் எழும்.
படிக்காவிட்டால் நான் பொத்தானை அமுக்க எழும்.
எதற்கும் எழாத நாளில்
மணிவேலு வந்து முட்டுக்கொடுத்துத் தூக்குவான்,
பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள்.

ஹாரன் அடித்தால் கம்பி எழாது.
இதை என்னைப் பற்றியே சொல்லிக்கொள்ள
கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனது.

பென்னாகரத்து டாக்டரம்மா
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"எல்லாம் நார்மல். பயத்த விடு."
அக்கா சொன்னாள்:
"பல்லக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கோ,
ஒரு புள்ள பொறந்தா சரியாயிரும்."
கடித்தேன்.
ஊர் போர்த்தண்ணீர் ஏற்கெனவே பழுப்பாக்கிய பற்கள்.
சில ராத்திரிகளில்
வலிப்பது தாடையா கீழேயா என்றே பிரிக்க முடியாது.
மாதேஷ் விலகி, சுவர்ப்பக்கம் திரும்பி
மன்னிப்புக் கேட்பான்.
எதற்கென்று அவனுக்கும் தெரியாது.
மன்னிக்கவும் தெம்பு வேண்டுமே,
நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தருமபுரி பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி, புதன்கிழமை.
பழைய எக்ஸ்ரே அறை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி.
தஸ்லீமா என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
சளிபிடித்த குரல்.
"வலிக்கு ஒரு எண் சொல்லுங்க, பத்துக்குள்ள."
ஏழு.
"அது வரும்போது என்ன பண்ணுவீங்க?"
இறுக்கிக்குவேன்.
"அப்புறம்?"
என்னையே திட்டிக்குவேன்.
"அதுக்குக் கொஞ்சம் இடம் குடுத்துப் பாருங்களேன்."
"இடம் குடுத்தா மடத்தப் புடுங்கும் மேடம்."

ஆறு பேரும் சிரித்தோம்.
அதுவரை வாயே திறக்காத அரூர் டீச்சர்
சிரித்துச் சிரித்து அழுதாள்.
அழாதே என்று யாரும் சொல்லவில்லை,
தஸ்லீமாவும்தான்.
இத்தனை நாள்
ஒரே லேனில் நின்றிருக்கிறோம் ஆறு பேர்,
முன்னால் நிற்பவளின் முதுகைக்கூடப் பார்க்காமல்.

வீட்டுப்பாடம் சின்னது.
அடிவயிற்றில் உள்ளங்கை. பதினொரு மூச்சு.
வேலைக்குப் புதிதாக வந்த பெண்
சில்லறையில் தப்பு விட்டு நடுங்கினால்
அவளிடம் என்ன சொல்வாயோ
அதை அங்கே சொல்.

முதல் வாரம் வெட்கம்.
என் வயிற்றிடம் நானே
"பரவால்ல விடு, பாத்துக்கலாம்" என்பது.
இரண்டாம் வாரம் கோபம்:
இதை இதனிடம் ஒருவரும் சொன்னதில்லையே.
நானும் சொன்னதில்லை.

அவள் எழுதிக்கொடுத்த தாளை
மாதேஷ் இரண்டு முறை படித்தான்.
"இது எனக்குப் புரியல.
தொப்பூர் எறக்கம் புரியும்.
லோடு வண்டிய பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறக்கினா
சூடேறி, வேணுங்கிறப்ப பிடிக்காது.
கியரக் கொறைக்கணும்.
அவசரப்பட்டவன் வண்டியெல்லாம்
பள்ளத்துல கெடக்கு."
அந்தப் போர்டைத் தாண்டித்தான்
தினமும் வேலைக்குப் போகிறேன்.

நேற்று ராத்திரி
"இன்னிக்கு எங்கயும் போய்ச் சேர வேணாம்" என்றான்.
கையின்மேல் கை, அவ்வளவுதான் என்றிருந்தோம்.
பிறகு கொஞ்சம் கிட்டே.
பிறகு இன்னும் கொஞ்சம்.
பிறகு அது வந்தது,
வழக்கம்போல் முதலில் தாடைக்கு.
"வந்துட்டியா, உக்காரு" என்றேன், சத்தமாகவே.
"யாரு?"
"உன்ன இல்ல."
அவன் நின்றான். மன்னிப்புக் கேட்கவில்லை.
உள்ளங்கையை எங்கே வைப்பதென்று
அவனுக்கும் காட்டினேன்.
பதினொரு மூச்சிலும் கம்பி எழவில்லை.
யாரும் ஹாரன் அடிக்கவுமில்லை.

இரண்டு மணிக்குப் பசித்தது.
மிச்சமிருந்த களியை மோரில் கரைத்து
ஒரே சொம்பில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

புதன்கிழமை எண் கேட்பாள்.
ஏழுதான்.
நடுவில் ஒருதரம் ஆறே முக்கால்.
மோரில் உப்புக் கூடிவிட்டதையும்
சொல்ல வேண்டும்.