ஐம்பத்தொன்பதாவது நொடி

ஜனவரி பத்தொன்பதிலிருந்து
எழுபத்தேழரை கிலோஹெர்ட்ஸில்
யாரோ எதையோ வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் காதோடு அழுத்தினால்
அந்தப் பொரிச்சலுக்கு அடியில்
ஜெர்மனியின் கம்பம் இருக்கத்தான் செய்தது.
ஒரே சுருதியில் நீளும் முனகல்,
நொடிக்கொருமுறை தலை தாழ்த்தி
நிமிரும்.
சின்னத் தாழ்வு பூஜ்யம், பெரிய தாழ்வு ஒன்று.
நிமிடம் முடிவதற்குள்
மணி, தேதி, கிழமை எல்லாம் சொல்லிவிடும்.
ஐம்பத்தொன்பதில் மட்டும்
தாழாது.
வரப்போவது புது நிமிடம் என்பதற்கு
அதுதான் அறிவிப்பு.

குய்வஸ்து துறையில்
கப்பலேறும் லாரிகளின் நீளம் அளப்பது என் பிழைப்பு.
வீட்டில் அளப்பது இன்னொன்று:
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தாண்டி
இந்தத் தீவுக்கு வரும் அலை
அந்தியில் எவ்வளவு பிந்துகிறது,
விடிகையில் எவ்வளவு முந்துகிறது என்று.
இரவில் வானத்துக்குக் கூரை உயரம்,
பகலில் தணிவு.
கணினி அதைக் கோடாக இழுக்கும்.
எதற்கு ஹெல்வே இதெல்லாம் என்பவர்களுக்கு
இன்னும் நல்ல பதில் அமையவில்லை.

பத்தொன்பதிலிருந்து கோடு இல்லை.
புதர்.

பழைய ஜன்னல் சட்டமொன்றில்
செம்புக்கம்பியை நாற்பது சுற்றுச் சுற்றி
பனியில் இறங்கினேன். மைனஸ் பதினொன்று.
தபால் வண்டிக்காரி வேகத்தைக் குறைத்து
என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் போனாள்.

விளிம்பைக் காட்டினால் கேட்கும் ஜன்னல் இது,
முகத்தைக் காட்டினால் செவிடாகும்.
செவிடான திசையில்தான் ஆள் இருக்கிறான்.
மூன்று இடங்களில் நின்று
வரைபடத்தில் மூன்று கோடு போட்டேன்.
மூன்றும் வெட்டிக்கொண்டது
உர்மோ லாஹ்ட்டின் குளியலறை மேல்.

அவனோடு பேசி இரண்டு வருடம்.
என் வாசலில் பனியைத் தள்ளியது
அவன் டிராக்டர் இல்லையாம்.

"ஜன்னல் விற்க வந்தாயா?"

"உன் வீட்டில் புதிதாக என்ன எரிகிறது?"

குளியல் தொட்டி நிறைய மிளகாய் நாற்று.
மேலே, மாம்பழக்கடை ஈக்கள் போல ரீங்கரிக்கும்
ஊதா விளக்கு.
கடையிலேயே மலிவானதாம்.
பிடுங்கு என்றேன்.
பிடுங்கினான்.

இப்படி ஒரு சுத்தத்தை
மூன்று வாரமாக நான் கேட்கவில்லை.
ஹெட்போனின் ஒரு காதை அவனுக்குக் கொடுத்தேன்.
தொட்டி விளிம்பில் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்து
விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தவன்
திடுக்கிட்டு நிறுத்தினான்.
"ஒன்றை விட்டுவிட்டதே!"
"விடவில்லை.
அதுதான் ஐம்பத்தொன்பது."
அடுத்த நிமிடமும் கேட்டான்.
அதற்கடுத்ததும்.

அப்புறம்தான் கூடத்துச் சுவரைக் காட்டினான்.
பன்னிரண்டில் நிற்கும் கடிகாரம்.
பாட்டரி மாற்றிய நாளிலிருந்து இப்படியே.
தானே நேரம் பிடித்துக்கொள்ளும் ரகம் என்று
தலையில் கட்டிவிட்டார்களாம்.
இருமுறை கடைக்குத் தூக்கிப்போய்
இருமுறை சண்டை.
"எப்போது மாற்றினாய்?"
"நாற்றுப் போட்ட மறுநாள்."

நான் சொல்லவில்லை.
அவனே விளக்கைப் பார்த்தான்,
கடிகாரத்தைப் பார்த்தான்,
காது சிவந்தான்.

காபி ஆறுவதற்குள்
முட்கள் அசைந்தன. யாரோ துரத்துவது போல
சரசரவென்று சுற்றி,
எங்கள் நாட்டுக்கென்று ஒரு மணி கூட்டிக்கொண்டு
மூன்று நாற்பத்தேழில் நின்று
பிறகு
சாதாரணமாக நடக்க ஆரம்பித்தன.

விளக்கின் ஒயரில் ஃபெரைட் வளையம் போட்டுக்கொடுத்தேன்.
முழுசாக அடங்கவில்லை.
இன்றைக்கும் என் கோட்டில்
ஐந்தரைக்கு ஒரு சின்னப் பல் முளைக்கும்.
உர்மோ எழுந்து நாற்றுக்கு வெளிச்சம் போட்டுவிட்டான்.
ஞாயிறென்றால் எட்டேகால்.

மென்பொருளில் அதைச் சீவித் தள்ள
ஒரு பொத்தான் இருக்கிறது.
தொடுவதில்லை.