வரவுப் பக்கம்

மாதம் நாலாயிரம் என்று உத்தரவில் இருந்தது.
பத்தாம் தேதிக்குள் என்றும்.
அதற்கென்றே கணக்குத் தொடங்கினேன்,
செல்லூர்க் கிளையில், ஆயிரம் ரூபாய் கட்டி.
ஆயிரம் என்பது
மூன்று நாள் நைட்டிக் கழுத்துப்பட்டி.

பதினொன்றாம் தேதி
பாஸ்புக்கை எந்திரத்தின் வாயில் கொடுப்பேன்.
கரகரவென்று அது யோசிக்கும்.
மகாமுனி அச்சாகி வருவான் என்று
பக்கத்திலேயே நிற்பேன்.
வந்தது:
குறுஞ்செய்திக் கட்டணம்,
பதினேழு ரூபாய் எழுபது காசு, பற்று.
மூன்று மாதம் கழித்து
மறுபடியும் பதினேழு எழுபது.
வராத பணத்தைப் பற்றி
ஒரு செய்தியும் அனுப்பாமல் இருந்ததற்கு
தவறாமல் பிடித்தார்கள்.
எனக்குத் தெரிந்து கெடு தப்பாதவர்கள்
அவர்கள்தான்.

கோர்ட்டில் டவாலி மூன்று தரம் கூப்பிடுவார்.
மகாமுனி, மகாமுனி,
மூன்றாவதைக் கொஞ்சம் அலுப்போடு.
வாரண்ட் போய்த் திரும்பி வந்தது,
'மேற்படி நபர் ஊரில் இல்லை.'
மேற்படி நபரை அன்று விடிகாலை பார்த்தேன்
மாட்டுத்தாவணியில்,
தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்து
டீயை ஊதிக்கொண்டிருந்தான்.
அவன் ஓட்டுகிற வண்டி தம்பி பேரில்.
படுக்கிற வீடு அம்மா பேரில்.
அவன் பேரில் இருப்பது
நாலாம் வகுப்பு நோட்டு அட்டையில் ஒரு எழுத்து:
ம. யாழிசை.

"ஒரு வருசத்துக்குள்ள கேக்காத பாக்கி
செத்த பாக்கிம்மா" என்றார் வக்கீல் குமாஸ்தா.
"மனுப் போடு. போட்டுக்கிட்டே இரு."
போட்டேன். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று.
வாய்தாவுக்கு வாய்தா அரைநாள் கூலி போனது,
யாழிசையின் ஷூ ஒன்றாம் நம்பரிலிருந்து
இரண்டுக்குப் போனது.

இந்தத் தடவை போலீஸ்
உண்மையிலேயே போயிருக்கும் போல.
எந்திரம் புதிதாக ஒரு வரி அடித்தது.
மகாமுனி. வரவு. ஒரு ரூபாய்.

"கணக்கு சரிதானான்னு பாக்க அனுப்பிருப்பாரு,
பின்னாடியே மிச்சம் வரும்" என்றாள்
கவுன்டர் பெண், நல்ல மனசோடு.
நானும் நம்பி உட்கார்ந்தேன்.
டோக்கன் நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு.
வங்கியில் நல்ல குளிர்.
ஷட்டரைப் பாதி இறக்கியபோது எழுந்தேன்.

கணக்கு சரிதான், மகாமுனி.
நம்பர் சரி, கிளை சரி,
கையெழுத்துக்கூட மாறவில்லை.
மூன்று வருசமாக அதே இடத்தில்தான்
திறந்து கிடக்கிறது.

யாழிசை பாஸ்புக்கை வாங்கி
வரியில் விரல் வைத்துப் படித்தாள்.
"அப்பா பேரு கரெக்டாப் போட்டுருக்காங்கம்மா."
தொகையை அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மறுபடி பிடிப்பார்கள்.
பதினேழு எழுபதில்
ஒரு ரூபாய் அவன் கட்டியாகிவிட்டது.
மீதி பதினாறு எழுபது
என்னுடையது.